எழும்பாத கோடு

ஏப்ரல் 20, 2021, செவ்வாய்

இன்று ஆயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு மாதிரிகள். போன வருடம் இதே லேபில் நூறு வந்தாலே நானும் டெக்னீஷியன் ஞானப்பூவும் தலையில் கை வைத்து உட்காருவோம். இப்போது நூறு என்பது காலை டீக்கு முன்னால் முடிந்துவிடுகிற வேலை.

புதிதாகச் சேர்ந்த இரண்டு பேருக்கு ஐந்தாவது தடவையாகப் பாடம் எடுத்தேன். நம் கிட் இந்த வைரசின் இரண்டு மரபணுக்களைத் தேடுகிறது. இருந்தால் திரையில் இரண்டு கோடுகள் மேலே எழும்பும். இரண்டும் எழும்பினால் பாசிட்டிவ். இரண்டும் படுத்துக் கிடந்தால் நெகட்டிவ். ஒன்று மட்டும் எழும்பினால் வாயைத் திறக்கக்கூடாது. மறுபடி ஓட்ட வேண்டும், அந்த ஆள் அதுவரை வீட்டில் தனியாக இருக்க வேண்டும். தலையைத் தலையை ஆட்டினார்கள். நாளைக்கு மறுபடியும் கேட்பார்கள்.

தங்கை கோமதி மூன்று தடவை போன் செய்துவிட்டாள். வெள்ளிக்கிழமை அவளுக்கு வளைகாப்பு. அவளுக்கு எட்டு வயதில் அம்மா போய்விட்டாள். சடை பின்னியதிலிருந்து தாரை வார்க்க ஆள் தேடியது வரைக்கும் நான்தான். இருந்தாலும், கல்யாணமாகாத நாற்பத்து மூன்று வயதுக்காரி வளைகாப்பில் முன்னால் வந்து நிற்கக் கூடாது என்று அவள் மாமியார் சிவகாமியம்மாள் சாடையாகச் சொல்லியிருக்கிறார்.

“மொத வளவி எங்க அக்காதான் போடணும், இல்லன்னா எனக்கு வளைகாப்பே வேண்டாம்னுட்டேன்க்கா.”

“அத்தை என்ன சொன்னாவ?”

“மொகத்தத் தூக்கி வச்சுக்கிட்டு ‘உன் இஷ்டம்’ன்னாவ. நீ லேபு லேபுன்னு கடைசி நேரத்துல கால வாரிராத, சொல்லிட்டேன்.”

எங்கள் பக்கத்தில் வளையலை வளவி என்றுதான் சொல்வோம். எத்தனை வளைகாப்புகளில் கடைசி வரிசையில் நின்று சந்தனக் கிண்ணம் ஏந்தியிருக்கிறேன்! இந்த முறை முதல் வளவி என் கையால். சந்தோஷமாக இருக்கிறது. இதை எழுத என்ன வெட்கம்.

கேஸ் சிலிண்டர் பதிய வேண்டும்.

ஏப்ரல் 22, வியாழன்

வியாழக்கிழமை என்றால் லேப் ஆட்களுக்கே சோதனை. ஞானப்பூ என் மூக்கில் குச்சியை விட்டபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முப்பது வருட சர்வீஸ், ஆனால் கை இன்னும் அரிவாள்மணை பிடிக்கிற கைதான். தொண்டை கொஞ்சம் அரிக்கிறது. பிளீச்சிங் பவுடரைக் கொட்டிக் கொட்டித் துடைத்தால் யாருக்குத்தான் அரிக்காது.

மத்தியானம் முடிவுகள் வந்தன. பதினொரு பேரும் நெகட்டிவ். என்னுடையதும். நானே கையெழுத்துப் போட்டேன். தன் மாதிரிக்குத் தானே கையெழுத்திடக்கூடாது என்பது விதி. ஆனால் கையெழுத்திடும் உரிமை உள்ள இன்னொருவரான டாக்டர் காய்ச்சலில் படுத்திருக்கிறார். வேறு யார் போடுவது?

மாம்பழக் கலரில் பட்டு எடுத்து வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 23, வெள்ளி

ராகுகாலத்துக்கு முன்னால் எல்லாம் நல்லபடியாக முடிந்தது. நூறு பேருக்கு மேல் கூடாது என்று உத்தரவு. இருபத்தைந்து பேர்தான். முதலில் வேப்பங்குச்சிக் காப்பு, பிறகு கண்ணாடி வளவிகள். கோமதியின் கையை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஏற்றினேன். மணிக்கட்டு வீங்கியிருந்ததால் பச்சை வளவி ஒன்று ஏறவில்லை. முகக்கவசத்தை இறக்கிவிட்டு அவள் கையில் ஊதி ஊதி, எண்ணெய் தடவி ஏற்றினேன். போட்டோக்காரர் கவசத்தோடு வேண்டாம் என்றார். யாரும் போடவில்லை.

மிச்ச வளவிகளைச் செல்லத்தாய் போட்டாள். இந்த நாலு தெருவுக்கும் வளவிக்காரி அவள்தான். வெற்றிலை புரையேறி இரண்டு தடவை இருமினாள். என் கைக்கும் இரண்டு ஏற்றிவிட்டு, “உங்க கை பஞ்சு மாரி இருக்கு டாக்டரம்மா, ஒரு கீறல் விழாமப் போட்டுட்டேன்” என்றாள். நான் டாக்டர் இல்லை என்று பத்து வருடமாகச் சொல்கிறேன்.

கோமதியின் கணவர் குற்றாலிங்கம் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, “மைனி, உங்க வைரசுக்கு ஒரு படம் வரைஞ்சு தாரேன், லேபுல மாட்டுங்க. திருஷ்டிக்கு ஆகும்” என்றார். சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது.

ஏப்ரல் 25, ஞாயிறு

முழு ஊரடங்கு. வெள்ளியிலிருந்து கோமதி வீட்டில்தான் இருக்கிறேன். காபி சப்பென்று இருந்தது. பால் சரியில்லை போலிருக்கிறது. கோமதி நன்றாகத்தான் இருக்கிறது என்கிறாள்.

ஏப்ரல் 28, புதன்

குற்றாலிங்கத்துக்குக் காய்ச்சல். மாதிரி எடுத்து லேபுக்கு அனுப்பினோம்.

நான் லேபில் இருக்கையில் அவர் குரல் பதிவு ஒன்று அனுப்பியிருந்தார். “மைனி, ரிசல்ட்ட உங்க கண்ணாலயே பாத்துச் சொல்லிருங்க. உங்க கையெழுத்து இருந்தாத்தான் எனக்கு நம்பிக்கை.”

ஏப்ரல் 30, வெள்ளி

அவருக்குப் பாசிட்டிவ். கோமதிக்கும். காய்ச்சல் முகாமிலிருந்து வந்த மாதிரிகளில் செல்லத்தாய் பெயரும் இருந்தது. அவளும் பாசிட்டிவ்.

மூன்று பேருக்கும் ஒரு கோடுதான் எழும்பியது. ஆனால் சாதாரணமாக அல்ல, செங்குத்தாக எழும்பியது. இன்னொரு கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. வேறு கிட்டில் ஓட்டியபோது எல்லாம் எழும்பிவிட்டன. ஞானப்பூ திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“வடிவு மேடம், இது கிட்டுக்குக் கோளாறு இல்ல. வைரசு மாறிட்டு. நாம தேடுத எடத்துல அது வேற எழுத்த வச்சிருக்கு. அதான் நம்ம கண்ணுக்குத் தட்டுப்படல.”

அப்படித்தான் இருக்கும் என்றேன். இந்த மாதம் இப்படி எத்தனை வந்தது என்று பழைய ஓட்டங்களைப் பார்க்கலாமா என்று கேட்டாள். நேரமில்லை என்றேன். உண்மையிலேயே நேரமில்லை.

மே 2, ஞாயிறு

கோமதி அழுதுகொண்டே போன் செய்தாள். “யாருக்கா கொண்டாந்தா? யாருமே இருமலயே அன்னைக்கு.”

வளவிக்காரி இரண்டு தடவை இருமினாளே என்றேன். ஒரு சாத்தியத்தைச் சொன்னேன், அவ்வளவுதான். இருமியது உண்மைதானே.

மே 4, செவ்வாய்

குற்றாலிங்கத்துக்கு ஆக்சிஜன் எண்பத்தாறு. கோமதிக்குத் தொண்ணூற்று மூன்று. ஆளுக்கொரு வார்டு. ஊசி போட இடைஞ்சல் என்று நர்ஸ் கோமதியின் வளவிகளைக் கழற்றி ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு என்னிடம் கொடுத்தாள்.

போன வருடம் வீட்டில் ஒருவருக்கு வந்தால் மற்ற நாலு பேர் தப்பித்தார்கள். இப்போது ஒருவருக்கு வந்தால் வீட்டோடு வருகிறது. அதே வைரஸ்தான், அங்கங்கே சில எழுத்துகள்தான் மாறியிருக்கின்றன. அதற்குத் திட்டமும் கிடையாது, வஞ்சமும் கிடையாது. தன்னை நகல் எடுக்கிறது, எடுக்கையில் தப்பு விடுகிறது. முக்கால்வாசித் தப்பு வீண். என்றைக்கோ ஒரு தப்பு அதற்கு வாய்ப்பாக அமைந்துவிடுகிறது. அது வேகமாகப் பரவுகிறது, அல்லது நம் கண்ணில் படாமல் தப்புகிறது.

மே 6, வியாழன்

கிட் கம்பெனியிலிருந்து சுற்றறிக்கை வந்தது. ஒரு கோடு மட்டும் எழும்பினால் நெகட்டிவ் என்று சொல்லவே கூடாதாம். எங்களுக்கு முதலிலிருந்தே அந்த விதிதான். சுவரில் ஒட்டினேன்.

மே 11, செவ்வாய்

காலை பத்து நாற்பதுக்குக் குற்றாலிங்கம் இறந்துவிட்டார். முப்பத்து நாலு வயது.

மே 12, புதன்

கோமதியிடம் நான்தான் சொன்னேன். ஆக்சிஜன் மாஸ்க்கைக் கழற்றப் பார்த்தாள். கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் கத்தவில்லை. “என்னக்கா சொல்லுத, என்னக்கா சொல்லுத” என்று நாற்பது தடவையாவது கேட்டிருப்பாள்.

மே 19, புதன்

லேப் திரையில் ஒன்றும் ஓடாதபோதும் எனக்கு ஒரு கோடு தெரிகிறது. கண்ணைக் கசக்கினால் போகிறது. துணி காயப்போட்ட கொடியைப் பார்த்தேன், அடுப்பு மேடையின் விளிம்பைப் பார்த்தேன், அங்கேயும் தெரிந்தது. தூக்கம் போதவில்லை.

அவருடைய குரல் பதிவு இன்னும் போனில் இருக்கிறது. அழிக்கவும் முடியவில்லை, கேட்கவும் முடியவில்லை. ஆனால் பாத்திரம் கழுவும்போது அது தானாகக் காதில் ஓடுகிறது.

மே 26, புதன்

பதினாறாம் நாள். ஐந்து பேர்தான். கோமதி வீடு திரும்பிவிட்டாள், வயிற்றில் பிள்ளை நன்றாக இருக்கிறது. சிவகாமியம்மாள் என்னோடு பேசவில்லை. செல்லத்தாய் பேரைச் சொல்லித் திட்டிக்கொண்டே இருந்தார். நாலு தெருவிலும் அவளை இனி நடையேற்றப் போவதில்லையாம்.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். எதற்கு இதை எழுதினேன் என்று தெரியவில்லை.

ஜூன் 3, வியாழன்

ஒரு கோட்டு மாதிரிகளில் பதினாறை மரபணு வரிசை பார்க்கும் மையத்துக்கு அனுப்பச் சொல்லி மேலிடத்திலிருந்து கடிதம். பட்டியலை நான்தான் போட்டேன். குற்றாலிங்கம், கோமதி, செல்லத்தாய், இன்னும் பன்னிரண்டு பேர். பதினாறாவதாக என் குழாய். பெயர் எழுதவில்லை, எண் மட்டும்.

குழாய்களை மைனஸ் எண்பது டிகிரிக் குளிர்பெட்டியிலிருந்து ஞானப்பூதான் எடுத்தாள்.

“மேடம், இது உங்க வியாழக்கிழமைக் குழாய்லா? நெகட்டிவத்தான் மூணாம் நாளு எரிக்க அனுப்பிருவோமே. பாசிட்டிவ் பெட்டிக்குள்ள எப்படி வந்துச்சு?”

யாராவது தவறிப்போய் வைத்திருப்பார்கள் என்றேன். அவள் மூடியில் இருந்த என் கையெழுத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். குழாயை உலர்பனிப் பெட்டிக்குள் அடுக்கினாள்.

ஜூன் 9, புதன்

செல்லத்தாய் லேப் கேட்டுக்கு வந்திருந்தாள். பாதி உடம்பாகியிருந்தாள். நெஞ்சோடு ஒரு மஞ்சப்பையை அணைத்துப் பிடித்திருந்தாள்.

“டாக்டரம்மா, எனக்கு ஒண்ணுமில்லன்னு ஒரு சீட்டு எழுதித் தாங்க. ஒரு வீட்டுலயும் தண்ணிகூடக் குடுக்க மாட்டேங்காவ.”

“ஒனக்குக் குணமாயிட்டுல்லா, நான் சொல்லுதேன் அவங்ககிட்ட.”

“குணமானது இருக்கட்டும். டிராயிங் சார நாந்தான் கொன்னேன்னு சொல்லுதாவ. அந்தப் புள்ளைக்குக் கல்யாண வளவி போட்டவ நான். யார்ட்ட இருந்து யாருக்கு வந்துச்சுன்னு உங்க மிசினுல தெரியுமாமே? பாத்துச் சொல்லுங்கம்மா. நாந்தான்னா நாந்தான்னு சொல்லுங்க, நான் எங்கயாவது போயிருதேன்.”

அப்படியெல்லாம் மெஷினில் தெரியாது என்றேன்.

“தெரியாதா” என்று கேட்டாள். அப்புறம் வெயிலில் நடந்து போனாள்.

ஜூன் 28, திங்கள்

மையத்திலிருந்து முடிவு வந்துவிட்டது.

பரீட்சையில் பார்த்து எழுதினவனைச் சரியான விடையை வைத்துப் பிடிக்க முடியாது, தப்பான விடையை வைத்துத்தான் பிடிக்க முடியும். இரண்டு பேர் தாளில் ஒரே தப்பு இருந்தால் ஒருவன் பார்த்து எழுதியிருக்கிறான். வைரசிலும் அப்படித்தான். எங்கள் நாலு பேருக்கும் பொதுவாக ஒரு தப்பு இருக்கிறது. இரண்டாவது கோட்டை எழும்பவிடாமல் செய்ததும் அதே தப்புதான். ஊரில் மற்றப் பன்னிரண்டு பேரிடமும் அது இருக்கிறது. ஆனால் அதற்கு மேல் இன்னொரு தப்பு எங்கள் நாலு பேரிடம் மட்டுமே இருக்கிறது.

குற்றாலிங்கத்திடம் அதோடு ஒன்று கூடியிருக்கிறது. அதையே கோமதியும் வாங்கியிருக்கிறாள். செல்லத்தாயிடம் வேறொன்று கூடியிருக்கிறது, அது குற்றாலிங்கத்திடம் இல்லை. செல்லத்தாயிடமிருந்து அவருக்குப் போயிருந்தால் அதுவும் சேர்ந்தே போயிருக்கும். கூடுதல் எதுவும் இல்லாமல் மொட்டையாக இருப்பது ஒரே ஒரு குழாய். பதினாறாவது.

இதைக் கோர்ட்டில் நிரூபணமாக ஏற்க மாட்டார்கள். நூற்றுக்கு நூறு என்று எந்த விஞ்ஞானியும் சொல்ல மாட்டான். நானே சொல்ல மாட்டேன். நடுவில் நமக்குத் தெரியாத ஒரு ஆள் இருந்திருக்கலாம்.

ஞானப்பூ தாளை மடித்து என் மேஜையில் வைத்தாள். “பதினாறாம் நம்பர் யாருன்னு நான் கேக்க மாட்டேன் மேடம். நீங்களே சொல்லணும்” என்றாள்.

ஜூலை 6, செவ்வாய்

கோமதிக்குப் பெண் குழந்தை. இரண்டு கிலோ எழுநூறு. நெற்றியும் காதும் அப்படியே குற்றாலிங்கம்.

ஜூலை 10, சனி

கோமதியும் குழந்தையும் என் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். தாய்வீடு என்று அவளுக்கு இது ஒன்றுதான். பத்தியச் சாப்பாடு, வெந்நீர், துணி. பூண்டு உரித்து உரித்து நகக்கண் எரிகிறது. குழந்தை என் தோளில்தான் தூங்குகிறது. அதன் மூச்சைக் கணக்குப் பண்ணிக்கொண்டே இருக்கிறேன். நிமிடத்துக்கு நாற்பத்திரண்டு. மறுபடி எண்ணினாலும் நாற்பத்திரண்டு.

“நீ இல்லன்னா நான் செத்திருப்பேன்க்கா” என்றாள் கோமதி. நான் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டேன்.

ஜூலை 16, வெள்ளி

எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

காலையில் வாசலில் செல்லத்தாய் நின்றாள். பிள்ளைக்குக் கருவளவி கொண்டுவந்திருந்தாள். உள்ளே வரவில்லை. வளவியை நடைப்படியில் ஒரு வெற்றிலை மேல் வைத்துவிட்டு விலகி நின்றாள். கோமதி குழந்தையோடு வெளியே வந்து பார்த்தாள். அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை.

“என் புருசனக் கொன்னுட்டு எம் புள்ளைக்கு வளவி போட வாரியா? போயிரு! என் கண்ணுல முழிக்காத!”

 செல்லத்தாய் குனிந்து அந்த வளவியை எடுக்கப் போனாள். 

“அவ இல்ல கோமதி. நான்” என்றேன்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் சொன்னேன். வியாழக்கிழமை, என் மாதிரி, பதினாறாவது குழாய், யாரிடம் எது கூடியிருக்கிறது என்று எல்லாவற்றையும் சொன்னேன். கோமதிக்குப் பாதி புரியவில்லை. புரிந்த பாதியை விட்டுவிட்டு எனக்காக ஒரு வழி தேடினாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

“மெசினு தப்பாச் சொல்லிட்டுதாக்கா? நெகட்டிவ்ன்னு வந்ததாலதான வந்த?”

“மெஷின் சரியாத்தான் சொல்லிச்சு. ஒரு கோடு எழும்பிச்சு.”

“நெறைய வேல, நீ கவனிக்கல.”

“கவனிச்சேன். அஞ்சு நிமிஷம் அதையே பாத்துக்கிட்டு இருந்தேன்.”

மூன்று மாதமாக இந்த நோட்டில் நான் எழுதாமல் விட்டது அந்த ஐந்து நிமிடம்தான். திரும்ப ஓட்ட வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆகும். முகூர்த்தம் பத்தரைக்குள். நான் போகாவிட்டால் முதல் வளவியை சிவகாமியம்மாள் போட்டிருப்பார், ஊரும் அதுதான் முறை என்றிருக்கும். எனக்கு இரண்டு ஊசியும் போட்டாகிவிட்டது, ஒரு கோடுதானே, பழைய தொற்றின் குப்பையாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் குழாயைக் குப்பைக்கு அனுப்பவில்லை. சனிக்கிழமை திரும்ப ஓட்டிப் பார்க்கலாம் என்று பாசிட்டிவ் பெட்டியில் என் கையால் வைத்தேன். நெகட்டிவ் என்று நம்பினவள் அப்படி வைக்க மாட்டாள். சனிக்கிழமை நான் லேபுக்கே போகவில்லை.

வளவிக்காரி இருமினாள் என்று சொன்னதும் தெரிந்தேதான். அப்போது எனக்கு வாசனை போய் ஒரு வாரம் ஆகியிருந்தது.

கோமதி குழந்தையை மாறுதோளில் போட்டுக்கொண்டாள். “செல்லத்தாயக்கா, உள்ள வாங்க” என்றாள். என்னைத் தாண்டி அவளைக் கூட்டிப்போய் உட்காரவைத்து, பிள்ளையின் கையை அவளிடம் கொடுத்தாள். பிறகு மாமியாருக்குப் போன் செய்து ஆட்டோ அனுப்பச் சொன்னாள்.  மத்தியானத்துக்குள் போய்விட்டார்கள்.

ஜூலை 17, சனி

திருத்திய அறிக்கை எழுதி, இயக்குநரிடம் நடந்ததை எழுத்தில் கொடுத்துவிட்டேன். விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்றார். ஞானப்பூ பஸ் ஸ்டாப் வரை கூட வந்தாள்.

அறிக்கையின் நகலை எடுத்துக்கொண்டு செல்லத்தாய் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். அவள் மன்னிக்கிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இந்தச் சீட்ட எவ வாசிக்கப் போறா? அன்னைக்கு உங்க வாயால சொன்னீய, அது நாலு தெருவும் சுத்திட்டு. இப்பவும் உங்க வாயாலயே சொல்லுங்க. நாளைக்கு எங்கூட வீடுவீடா வாங்க.”

ஜூலை 18, ஞாயிறு

காலை எட்டு மணிக்குக் கிளம்பினோம். முதல் வீட்டில் இரண்டு தடவை தொடங்கி நிறுத்தினேன். செல்லத்தாய் பக்கத்தில் சும்மா நின்றாள், உதவி செய்யவில்லை. மூன்றாவது வீட்டில் ஒரு பெண் அவளை உள்ளே வரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். எனக்குக் கொடுக்கவில்லை. ஆறாவது வீட்டில் கதவைச் சாத்தினார்கள்.

ஒன்பதாவது சிவகாமியம்மாள் வீடு. கதவை நான்தான் தட்டினேன். அவரே திறந்தார். உள்ளே குழந்தை அழுதுகொண்டிருந்தது, கோமதி வெளியே வரவில்லை. கோமதி ஏற்கெனவே சொல்லியிருப்பாள். ஆனாலும் முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன். அவர் கண்ணை எடுக்காமல் கேட்டார். கத்துவார், அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அன்னைக்கே சொன்னேன்” என்றார் மெதுவாக. “ராசியில்லாத கை, மொத வளவி போட வேண்டாம்னு சொன்னேன். எல்லாரும் என்னப் பட்டிக்காட்டுக்காரின்னு சிரிச்சீய. பாத்தியா? எம் புள்ள போயிட்டானே.”

ராசி இல்லை அத்தை, ஒரு எழுத்து மாறியிருந்தது, நான் பொய்க் கையெழுத்துப் போட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கதவைச் சாத்தவில்லை, பதிலுக்காக நின்றுகொண்டிருந்தார். இனி இந்தத் தெருவில் கல்யாணமாகாத ஒருத்தியும் ஒரு வளைகாப்பிலும் முன்னால் நிற்க மாட்டாள். என்னைச் சொல்லியே நிறுத்துவார்கள்.

செல்லத்தாய் என் முழங்கையைத் தொட்டு, “வாங்க, அடுத்த வீட்டுக்குப் போவோம்” என்றாள்.